பாரூர் ஏரியில் பதினான்கு விதிகள்

குளிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை.

காலை ஏழே முக்கால் மணிக்குப் பாரூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு சிங்கராயர் நாலா பக்கமும் பார்த்தார். கரும்புத் தோட்டம் இருந்தது. வாய்க்கால் இருந்தது. கொக்குகள் இருந்தன. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் இறங்கிக் குளிக்க ஒரு மனிதன் இல்லை.

"நேத்தே சொல்லியிருந்தா எங்க வீட்டு ஆளுங்களைக் கூட்டியாந்திருப்பேன் சார்" என்றான் கம்பெனி வேன் ஓட்டும் ஆஞ்சப்பன். "எங்க தெருவுல தண்ணி வந்து அஞ்சு நாள் ஆச்சு. சோப்போட வந்திருப்பாங்க."

சிங்கராயர் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக அவர் சிரிப்பதில்லை என்பது ஆஞ்சப்பனுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் ஒரு தடவை முயற்சி செய்து பார்ப்பான்.

சிங்கராயர் கையிலிருந்த அட்டையில் மூன்று தாள்கள் செருகியிருந்தன. மேலே 'கடலோர நீரில் மின்பலகை ஓட்டுவதற்கான விதிகள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பதினான்கு விதிகள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: சரிபார்த்தவர் கையெழுத்து, புகைப்பட எண். நாலாவது விதியில் வேலை நின்றுவிட்டது. குளிப்பவர்களிடமிருந்து ஐம்பது மீட்டர் தள்ளியே ஓட்ட வேண்டும் என்பது அந்த விதி.

"பொருந்தாதுன்னு போட்டுருங்க சார். கடல் விதியக் கொண்டாந்து ஏரியில பார்த்தா பாதி பொருந்தாதுதான்."

"பொருந்தாதுன்னு எழுதினா, பார்க்கலைன்னு அர்த்தம்" என்றார் சிங்கராயர்.

ஜூஜுவாடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் அவர்கள் கம்பெனி பூட்டி அனுப்புகிற சாமான்தான் மின்பலகை. பார்க்கக் கதவு மாதிரி இருக்கும். அடியில் இடுப்பளவு நீளத்துக்கு ஒரு தண்டு, தண்டின் நுனியில் மோட்டாரும் இரண்டு சின்ன இறக்கைகளும். வேகம் பிடித்தால் பலகை தண்ணீரை விட்டு முழங்கால் உயரம் எழும்பி, ஆளைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் பறக்கும். அதைச் செய்கிற இருபத்தாறு பேரில் கடலில் கால் நனைத்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

வாங்குகிறவர் கிழக்குக் கடற்கரையில் பலகைகளை வாடகைக்கு விடும் ஒரு கடைக்காரர். ஒவ்வொரு விதியையும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் காப்பீடு கிடைக்கும் என்று அவர் மூன்று முறை தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று முறையும் 'பொருந்தாது' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். கடல் வரைக்கும் போய்வர ஆள் விட முடியாது என்று மேலாளர் மூர்த்தி பாரூரைச் சொன்னார். மூர்த்திக்குப் பாரூரில் மாமனார் வீடு. வேறு காரணம் இல்லை.

இந்த வேலையைச் சிங்கராயருக்குக் கொடுக்க மூர்த்தி முதலில் தயங்கினார். சிங்கராயர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் மகன் ரோஷன் அந்தக் கடையில்தான் பலகைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் கடலில் மூழ்கிப் போனான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஒன்றரை வரி. 'ஊழியர் பலகை எண் 41-இல் சென்றபோது தவறி விழுந்து மூழ்கினார். காரணம் தெரியவில்லை.'

நாற்பத்தொன்றாம் எண்ணைச் சோதித்துப் பச்சைச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டவர் சிங்கராயர்.

தரம் பார்க்கும் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். ஒன்று கெட்டுப்போனால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். செய்தவன் தவறு, இல்லையென்றால் ஓட்டியவன் தவறு. ரோஷன் ஏதோ ஒரு விதியை மீறியிருக்கிறான். எந்த விதி என்று கண்டுபிடித்தால் போதும். மீறவில்லை என்றால்... அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் முதல் விதியிலிருந்து ஆரம்பிப்பார்.

"பெத்த புள்ள தப்புப் பண்ணான்னு நிரூபிக்க இப்படி அலையிற அப்பனை நான் பார்த்ததில்ல" என்பாள் அவர் மனைவி அன்னமேரி. அவன் பண்ணவில்லை என்றால் பண்ணியது யார் என்று அவளிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"சார், நான் ரெடி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பலகையை ஓட்டிக் காட்டக் கடைக்காரர் அனுப்பிய ஹரீஷ்குமார் அது. கடைக்காரரின் அக்கா மகன். இருபத்து மூன்று வயது இருக்கும். காலையில் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் இறங்கும்போதே மிதவைச் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டிருந்தான். டிபன் சாப்பிடும்போதும் கழற்றவில்லை. ஓட்டல்காரர் அவனைத் தீயணைப்புக்காரர் என்று நினைத்து இரண்டு கரண்டி சட்னி அதிகமாக ஊற்றினார். சிங்கராயரிடம் பேசும்போது மட்டும் அவன் கண்கள் அவர் சட்டைப் பொத்தானுக்கு மேலே ஏறுவதில்லை.

வேனில் வரும்போது அவர் கேட்டிருந்தார். "ரோஷனைத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"போர்டு எப்படி ஓட்டுவான்?"

"நல்லா ஓட்டுவாரு." அதற்குப் பிறகு பாரூர் வரைக்கும் அவன் ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தான். பயந்த பையன், இவனை வைத்துக்கொண்டு பதினான்கு விதி எப்படி முடிக்கப் போகிறோம் என்று சிங்கராயர் கவலைப்பட்டார்.

இப்போது அவர் ஆஞ்சப்பனைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்குறீங்க?"

"சட்டையைக் கழட்டு."

"சார், நான் வண்டி ஓட்ட வந்தவன்."

"இடுப்பளவு தண்ணியில நின்னு சோப்புப் போடு. ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

ஆஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். கரையில் துணி துவைக்க வந்திருந்த வெள்ளையம்மா தன் சோப்புத் துண்டைக் கடன் கொடுத்தாள். சிங்கராயர் படம் எடுத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"குளிப்பவர்கள்னு இருக்கு. ஒரு ஆள் போதாது."

"ஏனுங்க, குளிக்கத்தான் ஆள் தேடறீங்களா?" என்று வெள்ளையம்மா இடையில் புகுந்தாள். "எங்கூட்டு எருமைங்க ஆறு இருக்குது. நிதமும் குளிக்கிறது இந்த ஊர்ல அதுங்க மட்டுந்தான்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த சிங்கராயர், ஏழாவது விதியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நீர்வாழ் உயிரினங்களுக்கு நூற்றைம்பது மீட்டருக்குள் நெருங்கக் கூடாது.

"ஓட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

"எருமை நீர்வாழ் உயிரினமா சார்?" என்று தலை நிறைய நுரையோடு கேட்டான் ஆஞ்சப்பன்.

"பாதி நாள் தண்ணியிலதான் கெடக்குது" என்றாள் வெள்ளையம்மா.

சிங்கராயருக்கே சந்தேகமாக இருந்தது. மூர்த்திக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"கொம்பு தெரியாம எடுங்க" என்றார் மூர்த்தி.

எருமைகள் ஆறும் வந்தன. கரையோரமாக நிற்கும் என்று சிங்கராயர் நினைத்தார். அவை ஏரி முழுக்கத் தங்களுக்கு எழுதி வைத்தது போல ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுத்தன. ஒரு கிடேரி மட்டும் நிற்காமல் நீந்திக்கொண்டே போய், எதிர்க்கரைப் பக்கம் விரித்திருந்த வலைக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு பரிசல் வந்தது. அதில் கிழிந்த வலையோடு மீன் பிடிக்கிற கங்கப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு எருமை இது?"

"எங்கூட்டுதுதான். நாப்பது வருசமா இந்த ஏரியில குளிக்குது. உன் வலைதான் நேத்து வந்தது" என்றாள் வெள்ளையம்மா.

"எருமைக்கு நாப்பது வருசமா?"

"அதோட ஆத்தா, ஆத்தாளோட ஆத்தா. எல்லாம் ஒரே வம்சந்தான்."

சிங்கராயர் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. அவர் பார்த்தது பரிசலையும் வலையையும். ஐந்தாவது விதி, படகுக்கு நூறு மீட்டர் வழிவிட வேண்டும். ஆறாவது விதி, மீன்வலைக்கு நூறு மீட்டருக்குள் போகக் கூடாது. இரண்டும் ஒரே ஆளோடு தானாக வந்து சேர்ந்திருக்கின்றன.

"அய்யா, அந்த வலையைத் திரும்ப ஒருதரம் போட முடியுமா?"

"கிழிஞ்ச வலையவா?"

"கிழிஞ்சிருந்தாப் பரவாயில்லை. கிழியாத வலைன்னு விதியில இல்லை."

கங்கப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஹரீஷ்குமாரின் ஹெல்மெட்டைப் பார்த்தார். "அந்தப் பலகை நெசமாவே பறக்குமா?"

"பறக்கும்."

"அப்பச் சரி" என்று வலையைப் போடப் போனார். பறக்கிறதை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, ஏரிக்கு நட்டநடுவில் போட்டார்.

சிங்கராயர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏரியை வரைந்தார். ஆஞ்சப்பனைச் சுற்றி ஐம்பது மீட்டருக்கு ஒரு வட்டம். எருமை ஒவ்வொன்றுக்கும் நூற்றைம்பதுக்கு ஒரு வட்டம். பரிசலுக்கு ஒன்று, வலையைச் சுற்றி ஒன்று. வரைந்து முடித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விதிகளைச் சரிபார்க்க அவர் கூட்டி வந்தவை எல்லாம் சேர்ந்து, விதிப்படி ஓட்டுவதற்கு ஏரியில் ஒரு கட்டில் அளவு இடத்தைத்தான் மிச்சம் வைத்திருந்தன.

அந்தக் கட்டில் அளவு இடத்தில், பலகைமேல் குப்புறப் படுத்தபடி ஹரீஷ்குமார் மிதந்துகொண்டிருந்தான்.

"இப்படியே படுத்திருந்தா எல்லா விதியும் சரியா இருக்கு சார்" என்றான். அவன் கேலி செய்யவில்லை.

"ஓட்டணும்பா."

"எந்தப் பக்கம் சார்?"

சிங்கராயர் ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தார். எருமைகளிடம் பேச முடியாது. கங்கப்பன் பீடி பற்ற வைத்துவிட்டார், இனி அசைய மாட்டார். அந்த ஏரியில் சிங்கராயர் சொன்னால் கேட்கிற ஜீவன் ஒன்றுதான் இருந்தது.

"ஆஞ்சப்பா, எடது பக்கமா ஒரு பத்தடி போ."

ஆஞ்சப்பன் போனான். "போதுமா சார்?"

"இன்னும் பத்தடி."

"தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு சார்."

"இன்னும் கொஞ்சம். நாலாவது விதி முடிஞ்சுரும்."

ஆஞ்சப்பன் திரும்பி அவரைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சிங்கராயர் கையை ஆட்டினார். அவன் சொல்லாமல் நகர்ந்தான்.

"இப்ப ஓட்டு" என்றார் ஹரீஷ்குமாரிடம்.

பலகை மெதுவாக நகர்ந்தது. அவன் மண்டியிட்டான், எழுந்து நின்றான். பலகையின் மூக்கு மேலே தூக்கியது. பிறகு முழுப் பலகையும் தண்ணீரை விட்டு எழும்பியது. அடியில் தண்டு மட்டும் ஒரு கோடு கிழித்துக்கொண்டு வந்தது.

"அடியாத்தி, காத்துல நிக்கிறானே" என்றாள் வெள்ளையம்மா.

சிங்கராயர் கேமராவைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முந்நூறு பலகைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் தொட்டியில் ஓட்டிப் பார்த்தவை. ஒன்று பறந்து அவர் பார்த்ததில்லை. ரோஷன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கூப்பிடுவான். "ஒரு தடவை வந்து பாருப்பா, நீ கையெழுத்துப் போட்டதுமேல நான் நிக்கிறேன்." அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று அவர் தள்ளிப்போட்டார். முழங்காலை லேசாக மடித்து, தோளைத் தளர்த்தி, முகத்தில் வெயில் பட அவனும் இப்படித்தான் நின்றிருப்பான்.

படம் எடுக்க வேண்டும் என்ற ஞாபகம் வந்து அவர் திரும்பியபோது, குளிப்பவர் இருந்த இடத்தில் குளிப்பவர் இல்லை. சோப்பு நுரை மட்டும் வட்டமாக மிதந்தது.

"அங்க மண்ணு எடுத்த குழி இருக்குதுங்க" என்றாள் வெள்ளையம்மா. "அந்தாளுக்கு நீச்சல் தெரியுமா?"

இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை.

ஏரியின் நடுவில் பலகை தொப்பென்று விழுந்தது. ஹரீஷ்குமார் குனிந்து, காலோடு கட்டியிருந்த கயிற்றைக் கழற்றினான். மிதவைச் சட்டையைக் கழற்றி எறிந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். சிங்கராயரின் வாய் தன்னையறியாமல் கத்தியது. "கயித்தைக் கழட்டாதே. விதி ரெண்டு. சட்டையைக் கழட்டாதே." கத்திக்கொண்டே அவர் பூட்ஸ் காலோடு தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பதினான்கு விதிகளும் அவர் கையை விட்டு நழுவி எருமைகளை நோக்கிப் போயின.

ஹரீஷ்குமார் முங்கினான். மேலே வந்தான், மறுபடி முங்கினான். மூன்றாவது தடவை வரும்போது அவன் கையில் ஆஞ்சப்பனின் தலைமுடி இருந்தது. கங்கப்பன் பீடியை எறிந்துவிட்டுப் பரிசலைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கரையில் ஆஞ்சப்பனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். ஏரியில் ஒரு பங்கை வாந்தி எடுத்துவிட்டு அவன் கண்ணைத் திறந்தான்.

"போட்டோ எடுத்தீங்களா சார்?" என்றான்.

சிங்கராயர் அவன் தலையைத் துண்டால் துவட்டினார். "என்னை மன்னிச்சுருடா" என்றார்.

"நான்தான் சார் சொல்லியிருக்கணும். நீங்க இத்தனை நாள் கழிச்சு ஒரு வேலையில ஆசையா நிக்கிறீங்க. அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

வெள்ளையம்மா டீ வாங்கி வர ஆள் அனுப்பினாள். கொஞ்ச தூரத்தில் ஹரீஷ்குமார் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிரில் நடுங்குகிறான் என்று நினைத்துச் சிங்கராயர் பக்கத்தில் போனார். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"நல்ல காரியம் பண்ணே தம்பி. ஏன் அழுவுறே?"

சிங்கராயர் அவன் அருகில் உட்கார்ந்தார். பூட்ஸிலிருந்து தண்ணீர் வடிந்து மண்ணில் ஓடியது. எட்டு மாதமாக அன்னமேரியிடம்கூடச் சொல்லாததை அவர் ஏரியைப் பார்த்துச் சொன்னார்.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் போர்டுல இருக்கிற கையெழுத்து என்னுது. என் பையன் ஒரு விதியை மீறினான்னு தெரிஞ்சாப் போதும். என்ன விதின்னாலும் சரி. இல்லைன்னா அவனை அனுப்பினது நான்னு ஆயிரும்."

"போர்டுல ஒரு கோளாறும் இல்லீங்க சார்" என்றான் ஹரீஷ்குமார். "இன்னிக்கும் அது நல்லா ஓடிட்டிருக்கு."

சிங்கராயர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சில் ஒரு பாரம் இறங்கி, அதே இடத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று ஏறியது. "அப்ப அவன்தான் எதையோ மீறியிருக்கான்."

"இல்லீங்க. ரோஷன் ஒரு விதியையும் மீறலை."

"அது எப்படிப்பா?" பொறுமையாகத்தான் கேட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல் அது. "போர்டும் சரி, ஓட்டினவனும் சரின்னா ஆள் எப்படிச் சாவான்? ரெண்டுல ஒண்ணு தப்பாத்தானே இருக்கணும்?"

ஹரீஷ்குமார் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான்.

"அவரு கரையிலதான் நின்னுட்டிருந்தாரு சார், அன்னிக்குப் போர்டுலேருந்து கடல்ல விழுந்தது நான்."